உறைபனி இரவும் ஓடமும்

தமிழ்நாட்டின் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீர் என்றவுடன் ஓடும் ஆறும் அலைவீசும் கடலுமே நினைவுக்கு வரும். பனி என்றால், மார்கழித் திங்களில் புல்நுனியில் அரும்பிக் கதிரவன் எழுந்ததும் மறையும் துளி நினைவுக்கு வரும். அந்நீரே ஒரே இரவில் கல்லாக இறுகி, இரும்பையும் அலுமினியத்தையும் பிளந்துவிடும் என்று கூறினால், நம்மில் பலர் அதனைப் புனைந்துரை என்றே கொள்வர். உதகமண்டலத்தில் வாழ்வோர் உறைபனியைக் கண்டிருப்பர். ஆயினும் அங்கும் அது வெண்பொடி தூவியதுபோலப் புல்லின்மேல் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துபோகும். நீரின் மற்றொரு குணத்தை நான் அறிந்துகொண்டது அயல்நாட்டு ஏரிக்கரை ஒன்றிலேயாகும்.

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே, லூயிஸ்வில் ஏரி என்னும் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. டிரினிட்டி ஆற்றின் கிளையொன்றின் குறுக்கே அணை கட்டியதனால் உண்டானது அது. அதன் கரைக்கு அருகில் நான் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். விடுமுறை நாள்களில் மீன்பிடிக்கச் செல்வதற்கென்று சிறிய அலுமினிய ஓடம் ஒன்றும் வைத்திருக்கிறேன். அந்நாட்டின் வடபகுதியில் உள்ள மின்னசோட்டா, விஸ்கான்சின் முதலிய மாநிலங்களில் குளிர்காலம் நீண்டது. ஏரிகள் பல மாதங்கள் உறைந்து கிடக்கும். ஆதலால் அங்குள்ளோர் இலையுதிர் காலம் முடியும் முன்னரே ஓடங்களைக் கரையேற்றி, அடுத்த வசந்தம் வரும்வரையில் மூடி வைத்துவிடுவர். டெக்சாஸ் மாநிலமோ அத்தகையதன்று. இங்குக் கோடையில் வெயில் 38 பாகையையும் கடந்து கொளுத்தும். குளிர்காலத்திலும் பல நாள்கள் இதமாகவே இருக்கும். ஆதலால் மக்கள் ஆண்டு முழுவதும் ஓடம் செலுத்துவர்.

இந்த இதமான பருவத்திலேதான் ஆபத்து மறைந்திருக்கிறது. கனடா நாட்டுச் சமவெளியிலிருந்து டெக்சாஸ் வரையில் வாடைக்காற்றைத் தடுத்து நிறுத்தும் மலைத்தொடர் எதுவும் குறுக்கே இல்லை. காலையில் மெல்லிய சட்டையோடு ஏரிக்குச் சென்றவன், மாலையில் நடுங்கிக்கொண்டே வீடு திரும்புவதுண்டு. வடதிசையிலிருந்து திடீரென வந்து சில மணி நேரத்திற்குள் வெப்பநிலையைத் தாழ்த்திவிடும் இக்காற்றை அந்நாட்டார் 'நார்தர்' என்று அழைப்பர். நீண்ட குளிர்காலத்தை எதிர்பார்த்திருப்பவன் அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்கிறான். எப்பொழுதோ வரும் ஓர் இரவுக் குளிரையோ மனிதன் எளிதில் மறந்துவிடுகிறான். டெக்சாஸில் ஓடங்கள் பழுதடைவது பெரும்பாலும் இத்தகைய மறதியினாலேதான்.

ஓடத்தின் உட்புறத்தே நிலையாக அமைக்கப்படும் இயந்திரங்களும் உண்டு. பின்பலகையின்மேல் வெளிப்புறமாக மாட்டப்படும் இயந்திரங்களும் உண்டு. பின்னதை அவுட்போர்டு மோட்டார் என்று கூறுவர். நம் மீன்வளத் துறையினர் வெளிப்பொருத்தும் இயந்திரம் என்று வழங்குவர். நாகப்பட்டினத்திலும் இராமநாதபுரத்திலும் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளின் பின்னே இத்தகைய இயந்திரங்களை நீங்கள் கண்டிருக்கலாம். இவ்வியந்திரத்தைப் பலரும் விரும்பி வாங்கும் பொருளாக ஆக்கிய பெருமை, நார்வே நாட்டில் 1877-ஆம் ஆண்டு பிறந்து, சிறுவயதிலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவரைச் சாரும். அவருக்கு முன்னரும் சிலர் இம்முயற்சியில் ஈடுபட்டதுண்டு. கோடைநாள் ஒன்றில் அவர் தாம் விரும்பிய பெண்ணுக்காக ஏரியின் மறுகரைக்குத் துடுப்பு வலித்துச் சென்று, ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். மீண்டும் வந்து சேர்வதற்குள் அது உருகிப்போயிற்றாம். துடுப்பின் வேகம் போதாது என்று அன்று தோன்றிய எண்ணமே பிறகு இயந்திரமாக உருவெடுத்தது என்று கூறுவர். 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் அவர் அவ்வியந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். பனி உருகிய நாளொன்றில் கருக்கொண்ட இயந்திரத்திற்கு, நீர் உறையும் இரவே பெரும்பகையாக வாய்த்திருப்பது வியப்புக்குரியது.

அப்பகை எவ்வாறு விளைகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். நீரும் 4 பாகை வரையில் அவ்வாறே சுருங்குகிறது. அதற்குக் கீழே செல்லும்பொழுது அது சிறிது சிறிதாக விரியத் தொடங்குகிறது. உறைந்து கட்டியாகும்பொழுதோ, 100 படி நீர் ஏறத்தாழ 109 படி பனிக்கட்டியாகப் பெருகிவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் இருக்கும் நீர் மேல்நோக்கி விரிந்து இடம் தேடிக்கொள்ளும். நாற்புறமும் உலோகத்தால் சூழப்பட்ட குழியில் அகப்பட்ட நீருக்கு அத்தகைய வழி இல்லை. ஆதலால் அது தன்னைச் சூழ்ந்த சுவரைப் பிளந்துகொண்டு வழி உண்டாக்கிக்கொள்ளுகிறது. மலைப்பாறைகளின் வெடிப்புகளில் புகுந்து அவற்றைப் பெயர்த்துத் தள்ளும் அதே ஆற்றலே இங்கும் தொழிற்படுகிறது.

ஓடத்தின் இயந்திரத்திற்குள் நீர் எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். இயந்திரம் ஓடும்பொழுது உண்டாகும் வெப்பத்தைத் தணிப்பதற்காக, அதன் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு பம்பு ஏரிநீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. அப்பம்பின் உள்ளே ரப்பர் இதழ்களையுடைய சக்கரம் ஒன்று சுழலும். மேலே சென்ற நீர், பெட்ரோல் எரியும் உருளைகளைச் சுற்றி ஓடி, வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு மீண்டும் ஏரியிலேயே விழுந்துவிடும். இயந்திரத்தின் பின்னே மெல்லிய நீர்த்தாரை ஒன்று இடைவிடாது பீச்சிக்கொண்டிருப்பதைக் காணலாம். அத்தாரை நின்றுவிட்டால் பம்பு வேலை செய்யவில்லை என்று பொருள். இவ்வாறு, ஓடும் நேரமெல்லாம் இயந்திரத்தின் உடல் முழுவதும் நீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது. பகலில் அதனைக் காக்கும் அந்நீரே, இரவில் உள்ளே தங்கிவிட்டால் அதனை அழிக்கிறது.

எங்கள் தெருவில் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஏரிக்கு வரும் வெளியூராரைத் தம் ஓடத்தில் ஏற்றிச் சென்று, கெளுத்தியும் பிற மீன்களும் கிடைக்கும் இடங்களைக் காட்டுவது அவருடைய தொழில். அவருக்கு ஓடமே வயல். அதன் இயந்திரமே உழவுமாடு. அது ஒரு பருவம் நின்றுவிட்டால் அவருடைய வருவாயும் நின்றுவிடும். குளிர்காலத்தில் ஒருநாள் அவரோடு மீன்பிடிக்கச் சென்றுவிட்டு அந்திவேளையில் திரும்பினேன். காற்று ஊசிபோலக் குத்திற்று. ஓடத்தை வண்டியின்மேல் ஏற்றி வீட்டு முற்றத்தில் நிறுத்தியதும், உள்ளே சென்று அடுப்பருகே அமரவேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது. அவர் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் சென்றார்.

"இன்றிரவு நீர் உறையுமோ, உறையாதோ, யார் கண்டார்?" என்றேன்.

"உறையாவிட்டால் எனக்குப் பத்து நிமிட நேரம் வீணாகும். உறைந்தால் ஓர் ஆண்டு வருவாய் வீணாகும். இரண்டில் எதை இழக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், நண்பரே" என்று அவர் மறுமொழி கூறினார்.

அன்று அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாக உற்று நோக்கினேன். சாலையில் வரும்பொழுது தரையில் உராயாமல் இருப்பதற்காக இயந்திரம் மேல்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் அதனைக் கீழே இறக்கி, செங்குத்தாக நிற்கும்படி செய்தார். உடனே அதன் அடிப்பகுதித் துளைகளிலிருந்து நீர் வழிந்தது. இயந்திரம் நேராக நிற்கும்பொழுது உள்ளிருக்கும் நீர் தன் எடையினாலேயே இறங்கி வெளியேறிவிடும் வண்ணம் அதனை அமைத்திருக்கிறார்கள். சாய்த்து வைத்தாலோ வளைவுகளிலும் பள்ளங்களிலும் நீர் தேங்கி நிற்கும். அன்றியும், சாய்த்து நிறுத்திய இயந்திரத்தின் விசிறி, வாய் மேல்நோக்கிய கிண்ணம்போல மழைநீரை ஏந்திக்கொள்ளும். அந்நீர் உறைந்தால் அடிப்பகுதியின் உறை வெடித்துவிடும். "இரவு முழுவதும் இது நிமிர்ந்தே நிற்கவேண்டும், அதுவே முதல் விதி" என்றார் அவர்.

பிறகு, ஓடத்தின் முன்புறத்தைச் சிறிது உயர்த்திவிட்டு, பின்புறத்தின் அடியில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றினார். மரப்பலகைக்கு அடியில் தேங்கியிருந்த நீர் சலசலவென்று வெளியேறிற்று. கழற்றிய அடைப்பானை இயந்திரத்தின் சாவியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார். அடுத்த நாள் அதனைப் பொருத்த மறந்துவிட்டு ஓடத்தை நீரில் இறக்கினால் ஓடம் மூழ்கிவிடும். சாவியை எடுக்கும்பொழுதே அடைப்பானும் கைக்கு வந்துவிட்டால் அத்தகைய மறதிக்கு இடமில்லை. எளிய மனிதர்கள் தங்கள் அனுபவத்தினால் கண்டுபிடித்துவைத்திருக்கும் இத்தகைய உபாயங்கள் எத்தனையோ!

பிடித்த மீன்களை உயிரோடு வைத்திருப்பதற்கான தொட்டி ஒன்று ஓடத்தில் இருந்தது. அதனையும், அதற்கு நீர் கொண்டுவரும் குழாய்களையும் அவர் முழுவதும் வடித்தார். குழாயின் தாழ்ந்த வளைவில் தங்கிவிடும் சிறிதளவு நீருக்காக, உறையாத் திரவம் கொஞ்சம் ஊற்றினார். அத்திரவத்திலும் இருவகை உண்டு. மோட்டார் வண்டிகளில் பெரும்பாலும் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் என்பது கொடிய நஞ்சு. ஆயினும் அதன் சுவை இனிப்பானது. ஆதலால் நாய்கள் அதனை நக்கி உயிர் இழப்பதுண்டு. புரொப்பிலீன் கிளைக்கால் என்னும் மற்றொரு வகை அத்தனை தீங்கு தருவதன்று. நீர்க்குழாய்களில் இதனையே பயன்படுத்தவேண்டும். ஒன்றைக் காப்பதற்காக நாம் செய்யும் செயல் மற்றோர் உயிருக்குக் கேடாக முடியலாகாது அல்லவா?

இயந்திரத்தின் அடிப்பகுதியில் பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிச் சுழல்கின்றன. அங்கு நீர் புகுவதைத் தடுக்க ரப்பர் வளையங்கள் உண்டு. தூண்டிற்கயிறு விசிறியின் அச்சில் சுற்றிக்கொண்டால், அது அவ்வளையத்தை அறுத்துவிடும். அறுந்த இடத்தின் வழியாக நீர் கசிந்து உள்ளே சேரும். ஆகவே குளிர்காலம் தொடங்கும் முன்னரே அவ்வெண்ணெயைச் சோதிப்பது முதியவரின் வழக்கம். இயந்திரம் நெடுநேரம் அசையாமல் நின்றபின், அடியில் உள்ள திருகாணியைச் சிறிதளவு தளர்த்துவார். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆதலால் உள்ளே நீர் இருந்தால் அதுவே முதலில் சொட்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தாலும் நீர் கலந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அவ்வாறாயின் பழைய எண்ணெயை வடித்து, வளையத்தை மாற்றி, புதிய எண்ணெயை அடித்துளை வழியாகவே மேல்நோக்கி நிரப்பவேண்டும். அப்பொழுதுதான் உள்ளிருக்கும் காற்று மேல்துளை வழியாக வெளியேறும்.

பெட்ரோலை வடிகட்டும் சிறு கிண்ணத்தின் அடியிலும் சில துளி நீர் தங்குவதுண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோலில் பெரும்பாலும் எத்தனால் கலந்திருக்கும். எத்தனாலுக்கு நீரை ஈர்க்கும் இயல்பு உண்டு. ஆதலால் அக்கிண்ணத்தையும் அவ்வப்பொழுது கழற்றி வடித்துவிட வேண்டும். மின்கலத்தின் செய்தியோ இதனினும் விந்தையானது. அதனுள் இருப்பது நீரும் கந்தக அமிலமும் கலந்த கரைசல். மின்னூட்டம் நிறைந்திருக்கும்பொழுது அமிலத்தின் செறிவு மிகுந்திருக்கும். அப்பொழுது பூச்சியத்திற்குக் கீழே 50 பாகை சென்றாலும் அது உறையாது. மின்னூட்டம் தீர்ந்துவிட்டால் கரைசல் பெரும்பாலும் நீராகவே ஆகிவிடும். அந்நிலையில் பூச்சியத்திற்குக் கீழே ஏழெட்டுப் பாகையிலேயே உறைந்து வெடிக்கக்கூடும். வலிமை நிறைந்த மின்கலத்திற்குக் குளிரால் கேடில்லை. வறிதான மின்கலமே முதலில் அழிகிறது.

கடைசியாக, ஓடத்தின்மேல் கித்தான் துணியைப் போர்த்தினார். நடுவே ஒரு கழியை நிறுத்தி, கூரைபோல இருபுறமும் சரிவாக இருக்கும்படி கட்டினார். துணி தொய்ந்திருந்தால் மழைநீரும் பனியும் குழிவில் தேங்கி, அதன் சுமையாலேயே துணி கிழிந்துவிடும் என்றார். அவர் கூறியவாறே எல்லாம் பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிட்டன.

"ஏரியிலேயே கட்டிவைத்திருக்கும் ஓடங்களை என்ன செய்வது?" என்று நான் வினவினேன்.

"அவற்றின் இயந்திரத்தை நீருக்குள் இறக்கியே வைத்திருக்கவேண்டும். மேலே காற்றில் தூக்கி வைப்பதைவிட நீருக்குள் இருப்பதே பாதுகாப்பு" என்றார்.

கேட்பதற்கு இது முரணாகத் தோன்றினாலும், காரணம் தெளிவானது. ஏரி மேற்பரப்பிலிருந்தே உறையத் தொடங்கும். 4 பாகை வெப்பமுள்ள நீர் மற்ற நீரினும் கனமானதாகையால் அடியில் தங்கிவிடுகிறது. மேலே மூடியிருக்கும் பனிப்பாளம், கீழுள்ள நீரின் வெப்பம் வெளியேறாதபடி போர்வைபோலக் காக்கிறது. மீன்கள் குளிர்காலத்தைக் கடந்து உயிர்வாழ்வதும் இதனாலேதான். ஆதலால் நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியைச் சூழ்ந்துள்ளது உறையாத நீரே. காற்றோ அதனினும் பன்மடங்கு குளிர்ந்திருக்கக்கூடும்.

இவ்வளவு எச்சரிக்கையும் தேவைதானா என்ற ஐயம் எனக்குச் சில காலம் இருந்தது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் அவ்வையத்தைப் போக்கிற்று. அத்திங்களின் நடுவில் வடதுருவக் குளிர்காற்று டெக்சாஸ் மாநிலம் முழுவதும் பரவியது. பிப்ரவரி 16-ஆம் நாள் காலை டாலஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 19 பாகை அளவுக்கு இறங்கிற்று. அதற்கு முந்தைய நாள் விடியுமுன்னரே மின்சாரம் நிற்கத் தொடங்கிவிட்டது. இயற்கை வாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் குளிரால் முடங்கின. 45 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் ஆழ்ந்தன. தண்ணீர்க் குழாய்கள் வெடித்து, பல வீடுகளின் கூரையிலிருந்து நீர் கொட்டிற்று. அக்குளிரின் விளைவாக 246 பேர் மாண்டனர் என்று மாநிலச் சுகாதாரத் துறை பின்னர்க் கணக்கிட்டது.

வானிலை அறிக்கை சில நாள்களுக்கு முன்னரே வந்துவிட்டது. அதைக் கேட்டதும் முதியவர் தம் ஓடத்தைக் கவனித்ததோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் இருந்த ஓடங்களையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் சுற்றிப் பார்த்தார். வெளியூர் சென்றிருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய இசைவைப் பெற்றார். நானும் விளக்கை ஏந்திக்கொண்டு அவருடன் சென்றேன். சாய்ந்திருந்த இயந்திரங்களை நிமிர்த்தினோம், அடைப்பான்களைக் கழற்றினோம். ஒரு வீட்டில் பெரிய உல்லாசப் படகு ஒன்று இருந்தது. அதன் இயந்திரம் உட்புறத்தே அமைந்தது. அத்தகைய இயந்திரத்தில் நீர் தானே வடிந்துவிடாது. பல திருகாணிகளைத் தனித்தனியே கழற்றி வடிக்கவேண்டும். அதன் உரிமையாளர் ஓர் இளைஞர். அவர் படகினுள் மின்சார வெப்பக்கருவி ஒன்றை வைத்திருந்தார்.

"இது இரவும் பகலும் எரியும், எனக்குக் கவலை இல்லை" என்றார் அவர்.

"மின்சாரம் நின்றுவிட்டால்?" என்று முதியவர் கேட்டார்.

"அப்படியெல்லாம் இங்கு நிற்பதில்லையே, ஐயா!" என்று இளைஞர் புன்னகைத்தார். அவர்மேல் குற்றம் கூறுவதற்கில்லை. அவர் பிறந்து வளர்ந்த நாளிலிருந்து அங்கு மின்சாரம் நெடுநேரம் நின்றதை அவர் கண்டதில்லை.

பிப்ரவரி 15-ஆம் நாள் விடியுமுன்னரே எங்கள் தெருவிலும் மின்சாரம் நின்றது. அன்று மாலை அவ்விளைஞரின் வண்டிக்கூடத்திலிருந்து இயந்திர ஓசை கேட்டது. முதியவர் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றார். மறுகணம் பனியில் வழுக்கியும் தடுமாறியும் அவ்வீட்டை நோக்கி விரைந்தார், நானும் பின்தொடர்ந்தேன். வண்டிக்கூடத்தின் கதவு மூடியிருந்தது. உள்ளே பெட்ரோலினால் ஓடும் மின்னாக்கி ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கம்பி இழுத்துப் படகின் வெப்பக்கருவிக்கு இணைத்திருந்தார்கள். அக்கூடத்திலிருந்து வீட்டிற்குள் செல்லும் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவருடைய மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர்.

முதியவர் ஒரு சொல்லும் பேசாமல் மின்னாக்கியை நிறுத்தினார். பெருங்கதவை முழுவதும் திறந்துவிட்டார். "குழந்தைகளை வெளியே அழைத்து வாருங்கள், உடனே!" என்றார். அவர்கள் வெளியே வந்தபொழுது மூத்த குழந்தை தலை வலிக்கிறது என்று கூறிற்று. பெட்ரோல் எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது சேர்ந்தால், உறங்குபவன் உறக்கத்திலேயே மாண்டுவிடுவான். அந்த வாரத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் பலர் இவ்வாறே நச்சுவாயுவினால் துன்புற்றனர். சிலர் உயிரும் இழந்தனர்.

இளைஞர் முகம் வெளுத்து நின்றார். "படகு கெட்டுவிடுமே என்றுதான்..." என்று தொடங்கினார்.

"படகு போகட்டும். அதற்கு விலை உண்டு, விலை கொடுத்தால் வேறொன்று கிடைக்கும்" என்றார் முதியவர். அவ்விரவு அவர் அக்குடும்பத்தாரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கு விறகு எரியும் கணப்பு இருந்தது. நானும் அங்கேயே தங்கினேன். ஒரே அறையில், இருந்த போர்வைகளையெல்லாம் பகிர்ந்துகொண்டு, நாங்கள் அனைவரும் இரவைக் கழித்தோம்.

அந்த வாரக் கடைசியில் வெயில் திரும்பியது. இளைஞருடைய படகின் இயந்திரத்தில் விரலளவு நீளத்திற்கு வெடிப்பு விழுந்திருந்தது. அதனைச் செப்பனிட இயலாது என்று பழுது பார்ப்பவர் கூறிவிட்டார். வெளிப்பொருத்தும் இயந்திரங்களில் ஒன்றுகூடப் பழுதுபடவில்லை. ஆயினும் முதியவர் அவற்றை உடனே ஓட்டிப் பார்க்க எவரையும் விடவில்லை. பம்பினுள் ஒரு சிறு துளி உறைந்திருந்தாலும், இயந்திரத்தை ஓட்டியவுடன் ரப்பர் இதழ்கள் கிழிந்துவிடும். கொதிநீரை ஊற்றுவதும் தீயைக் காட்டுவதும் அதனினும் பெருந்தீங்கு. ஓடத்தை ஏரியில் இறக்கி, இயந்திரத்தின் அடிப்பகுதி நீரில் மூழ்கும்படி செய்து, சிறிது நேரம் சும்மா விட்டுவைக்கச் சொன்னார். உறையாத ஏரிநீரின் வெப்பமே உள்ளிருக்கும் பனியை மெல்ல இளக்கிவிடும். பிறகு இயந்திரத்தை ஓட்டினோம். பின்புறத்தே அம்மெல்லிய நீர்த்தாரை தோன்றியதும், முதியவர் தலையை அசைத்துக்கொண்டார். அவருடைய மகிழ்ச்சிக்கு அதுவே அடையாளம்.

அந்நாள்களைப் பற்றி எண்ணும்பொழுதெல்லாம் எனக்கு ஓர் உண்மை புலனாகிறது. குளிரிலிருந்து ஒரு பொருளைக் காப்பதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, அதற்கு வெளியிலிருந்து வெப்பம் ஊட்டிக்கொண்டே இருப்பது. மற்றொன்று, கேடு விளைக்கும் நீரை அதனுள்ளிருந்து முன்னரே வெளியேற்றிவிடுவது. முதல் வழி எளிதாகத் தோன்றும். ஆனால் அது பிறருடைய உதவியைச் சார்ந்தது. எங்கோ ஒரு மின்நிலையம் நின்றுவிட்டால் அவ்வழியும் அடைபட்டுவிடும். இரண்டாம் வழிக்குச் சிறிது உழைப்பு வேண்டும். அதனைத் தக்க நேரத்தில் செய்யவேண்டும். செய்துவிட்டால் பிறகு எதனையும் சார்ந்திருக்க வேண்டுவதில்லை. வடித்து வைத்த இயந்திரம் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிரைப் பொறுத்து நிற்கும்.

மாணவர்களே! நம் நாட்டுக் கடற்கரையில் நீர் உறைவதில்லை. ஆயினும் புயலும் வெள்ளமும் நமக்குப் புதியன அல்ல. புயல் எச்சரிக்கை வந்ததும் படகைக் கரையேற்றி, இயந்திரத்தைக் கழற்றி, மேட்டு நிலத்திற்குக் கொண்டுசெல்லும் மீனவரும், அம்முதியவரும் ஒரே அறிவுடையவர்கள். வருவதற்கு முன் காக்கும் செயல் எப்பொழுதும் சிறியதாகவே இருக்கும். ஒரு திருகாணியைத் தளர்த்துவதும், ஓர் அடைப்பானைக் கழற்றுவதும், ஒரு முடிச்சை இறுக்குவதுமே அது. அதனைச் செய்பவனுக்குப் புகழும் கிடைப்பதில்லை. ஏனெனில், அவன் தடுத்த கேட்டினை எவரும் காண்பதில்லை. ஆயினும் களைத்துத் திரும்பிய மாலைப்பொழுதில், அடுப்பின் வெம்மை அழைக்கும்பொழுது, வெளியே நின்று அச்சிறு செயலைச் செய்து முடிப்பவனே நிம்மதியாக உறங்குகிறான். தன் பொருளைக் காத்தபின் அயலாரின் முற்றத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பவனோ, அவனினும் உயர்ந்தவன் ஆகிறான்.